கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு லேண்டிங்!

2024 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி ஏர்போர்ட். கோவா போக வேண்டிய இண்டிகோ விமானம் பல மணி நேரமா கிளம்பாமல் நிற்கிறது. காரணம், பனிமூட்டம். உள்ளே பயணிகள் எல்லாம் கடுப்பின் உச்சியில். 'இன்னும் லேட்டாகும்' என்று கோ-பைலட் அறிவித்துக்கொண்டு இருக்கும்போதே, ஸீட்டிலிருந்து எழுந்து வந்த ஒரு பயணி அவரைக் கைநீட்டி அடித்துவிட்டார். அந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது.

அடித்தது தப்புதான். அதில் ரெண்டாவது பேச்சே கிடையாது. ஆனா, அந்தப் பயணி மனசுக்குள் இருந்த கேள்வி நமக்கும் உண்டுதானே? 'டெல்லியில 50 மீட்டர்கூட தெரியாத பனியில ஃப்ளைட் தானாவே இறங்குதுன்னு பேப்பர்ல போடறாங்க. அப்புறம் ஒரு ஃப்ளைட் மட்டும் ஜம்முனு இறங்குது, அடுத்தது ஜெய்ப்பூருக்குத் திரும்பிப் போகுது. அது எப்படி பாஸ்?'

வாங்க, கொஞ்சம் உள்ளே புகுந்து பார்த்துடலாம்!

வில்லன் அறிமுகம்

டிசம்பர், ஜனவரி மாசம் வந்தால் கங்கைச் சமவெளி முழுக்க ஒரே வெள்ளைப் போர்வை. மேகம் இல்லாத ராத்திரி, காத்து அசையாத நேரம், தண்ணீர் பாய்ச்சிய கோதுமை வயல். இந்த மூணும் சேர்ந்தால் போதும். தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுக் கொடுத்துட்டு ஜில்லிட்டுப் போகும். அதை ஒட்டியிருக்கிற காத்தும் குளிர்ந்து, அதில் இருக்கும் ஈரம் குட்டிக் குட்டித் துளிகளா மிதக்க ஆரம்பிக்கும். மேலே கொஞ்சம் சூடான காத்து, பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். டெல்லியின் புகையும் தூசும் உள்ளேயே மாட்டிக்கொண்டு, துளிகள் உருவாக 'விதை' போட்டுக் கொடுக்கும்.

1,000 மீட்டருக்குக் கீழே கண் தெரியவில்லை என்றால் அது மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி. 50-க்கும் கீழே என்றால் மிக அடர்ந்த மூடுபனி. இது நம்ம வானிலைத் துறையின் கணக்கு. இந்தப் பனி எப்போ வரும், எப்போ கலையும் என்று கண்டுபிடிக்கவே 2015-16 குளிர்காலத்தில் டெல்லி ஏர்போர்ட்டிலேயே கருவிகளை வைத்து 'வைஃபெக்ஸ்' என்ற ஆராய்ச்சியை ஆரம்பித்தார்கள்.

ஆனா பைலட்டுக்கு இந்தப் பொதுவான கணக்கு பத்தாது. அவருக்கு வேண்டியது, 'இந்த ரன்வேயில், இந்த நிமிஷம், எவ்வளவு தூரம் தெரியும்?' என்பதுதான். இதுக்குப் பேர் ரன்வே விஷுவல் ரேஞ்ச். சுருக்கமா ஆர்.வி.ஆர். ரன்வே ஓரத்தில் ரெண்டு கம்பம். ஒண்ணிலிருந்து ஒளி கிளம்பும், இன்னொண்ணு அதை வாங்கும். நடுவில் எவ்வளவு ஒளி காணாமல் போச்சோ, அதை வைத்துப் பனியின் அடர்த்தியைக் கணக்குப் போடும். நம்ம பெங்களூரு என்.ஏ.எல். ஆராய்ச்சியாளர்கள் இதுக்காக உருவாக்கிய கருவியின் பேர் 'த்ரிஷ்டி'. பேர் பொருத்தமாத்தான் இருக்கு!

முக்கால் செகண்டுக்கும் கம்மி!

கால்குலேட்டரை எடுங்க. இறங்க வருகிற ஒரு ஏர்பஸ் ஏ320-யின் வேகம் ஏறக்குறைய 140 நாட். அதாவது, மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர். ஒரு செகண்டுக்கு 72 மீட்டர்.

ஆர்.வி.ஆர். 550 மீட்டர் என்றால், கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளைத் தாண்டிப் போக ஏழரை செகண்ட் ஆகும். 300 மீட்டர் என்றால் நாலு செகண்ட். 175 மீட்டர் என்றால் ரெண்டரை செகண்ட்கூட இல்லை. 50 மீட்டர் என்றால்..? 0.7 செகண்ட்! ஒரு விளக்கைப் பார்த்து, அது என்ன என்று மூளைக்கு எட்டி, கை ஸ்டிக்கை அசைக்கும் முன்பே விமானம் அதைத் தாண்டிப் போயிருக்கும்.

ஸோ, இங்கே பைலட்டின் தைரியமோ, இருபது வருஷ அனுபவமோ வேலைக்கு ஆகாது. மனுஷக் கண்ணே லாயக்கில்லாத இடம் இது. வேற ஒரு கண் வேணும்.

காத்துல ஒரு ரோடு

அந்தக் கண்தான் ஐ.எல்.எஸ். என்கிற இன்ஸ்ட்ருமென்ட் லேண்டிங் சிஸ்டம். ஈ.சி.இ. படிக்கிற மக்களே, 'ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன் எல்லாம் எங்க யூஸ் ஆகப்போகுது?'ன்னு கடைசி பெஞ்சில் புலம்பினீங்களே... இங்கேதான்!

ரன்வேயின் மறுமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆன்டெனா வரிசை நிற்கும். பேர் லோக்கலைசர். அது 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று ரெண்டு டோன்களை அனுப்பும். இறங்க வரும் விமானத்துக்கு இடது பக்கம் 90 தூக்கலா இருக்கும், வலது பக்கம் 150 தூக்கலா இருக்கும். ரெண்டும் சமமா கேட்டால், விமானம் ரன்வேயின் நடுக்கோட்டுக்கு நேரா வருது என்று அர்த்தம்.

இதே டெக்னிக்கைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தால் கிளைட் ஸ்லோப். சக்கரம் தொடும் இடத்துக்குப் பக்கவாட்டில் இதன் ஆன்டெனா இருக்கும். மேலே போனால் 90 அதிகம், கீழே போனால் 150 அதிகம். சமமா இருந்தால், பெரும்பாலான ஏர்போர்ட்களில் 3 டிகிரி சரிவில் அழகா இறங்கிட்டு இருக்கோம்னு அர்த்தம். ரெண்டையும் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு ரோடு வானத்திலிருந்து ரன்வே வரைக்கும் ரெடி.

கடைசி அடிகளில் உயரத்தைச் சொல்ல இன்னொரு கருவி, ரேடியோ ஆல்டிமீட்டர். தரைக்கு ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து, இன்னும் எத்தனை அடி இருக்கு என்று சொல்லும். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 5ஜி ஆரம்பித்தபோது ஏர் இந்தியா உள்பட சில நிறுவனங்கள் விமானங்களை ரத்து பண்ணினதே, ஞாபகம் இருக்கா? அந்த 5ஜி அலைவரிசை இந்தக் கருவியின் அலைவரிசைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்ததுதான் பிரச்னை. பனியில் இறங்கும்போது 'செல்போனை சுத்தமா ஆஃப் பண்ணுங்க' என்று க்ரூ கேட்டால், எரிச்சல்படாம பண்ணிடுங்க ப்ளீஸ்!

மூணு படிக்கட்டு

எல்லா ஐ.எல்.எஸ்.ஸும் ஒண்ணு இல்லை. படிப்படியா கேட்டகரி பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கேட்-1: தரையிலிருந்து 200 அடி உயரம் வரைக்கும் கருவியை நம்பி வரலாம். அங்கே விளக்கோ ரன்வேயோ தெரிந்தாகணும். ஆர்.வி.ஆர். குறைந்தது 550 மீட்டர்.

கேட்-2: 100 அடி வரை வரலாம். ஆர்.வி.ஆர். 300 மீட்டர்.

கேட்-3: இதுதான் மாஸ்! 3ஏ என்றால் 175 மீட்டர் வரை. 3பி என்றால் 50 மீட்டர் வரை. டெல்லியில் பேப்பர்காரர்கள் எழுதுவது இந்த 3பி-யைத்தான். '3சி' என்று ஒண்ணு உண்டு. பூஜ்யம் மீட்டர்! ஆனா அது ஏட்டோடு சரி, நடைமுறைக்கு வரவே இல்லை. ஏன்னா இறங்கிட்டாலும், அப்புறம் டாக்ஸிவே தெரிஞ்சாத்தானே பயணிகளைக் கொண்டுபோய் இறக்க முடியும்?

கடைசி 200 அடி

இப்போ காக்பிட்டுக்குள் போவோம். ஏ320. கேட்-3 அப்ரோச். வெளியே பால் ஊத்தின மாதிரி வெள்ளை. ரெண்டு ஆட்டோ பைலட்டும் ஆன். ஒண்ணு படுத்துக்கிட்டாலும் இன்னொண்ணு வேலையை முடிக்கணும் என்பதுக்காகத்தான் ரெண்டு.

200 அடி. இதுக்குக் கீழே ஆட்டோ லேண்டிங்கில் பெரிய சிக்கல் வந்தால் பைலட் முகத்துக்கு நேரா சிவப்பு விளக்கு எரியும். எரிஞ்சா யோசனையே கிடையாது, மேலே ஏறிடணும்.

கோ-பைலட் கண் கருவிகளை விட்டு நகரக் கூடாது. கேப்டன் வெளியே பார்க்கணும், எதாவது தெரியுதான்னு. ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் வெளியே எட்டிப் பார்த்தால் உள்ளே நடப்பதைக் கவனிக்க ஆளில்லை. அதனால்தான் இந்த வேலைப் பிரிவினை.

முன்கூட்டியே குறித்து வைத்த உயரம் வந்ததும் ஒரு குரல் 'மினிமம்' என்று சொல்லும். இதுதான் டெசிஷன் ஹைட். கேப்டன் ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். 'லேண்டிங்' அல்லது 'கோ-அரவுண்ட்'. 'இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போமே' என்ற மூணாவது ஆப்ஷன் கிடையவே கிடையாது. (3பி-யில் இந்த டெசிஷன் ஹைட்டே இல்லாத இறக்கமும் உண்டு. அப்போ முழுக்க முழுக்க மெஷின் ராஜ்ஜியம்தான்.)

50... 40... 30... 20... விமானமே எண்ணிக்கொண்டு வரும். மூக்கை மெல்லத் தூக்கும். 10 அடியில் 'ரிட்டார்ட்' என்று குரல் வரும். இன்ஜின் லீவரை இழுத்துக் குறைக்கச் சொல்லுதாம். சக்கரம் தொட்ட பிறகும் அதே லோக்கலைசர் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடுக்கோட்டிலேயே ஓடும். ரன்வேயில் மிச்சம் 900 மீட்டர் இருக்கும்போது நடுக்கோட்டு விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமா மாறி மாறி வரும். கடைசி 300 மீட்டரில் முழுக்கச் சிவப்பு. பனியில் பைலட்டுக்கு 'ரோடு முடியப்போகுது' என்று சொல்லும் போர்டு அதுதான்.

தாத்தா காலத்து டெக்னாலஜி

இதெல்லாம் நேத்து வந்த சமாச்சாரம்னு நினைச்சீங்களா? இல்லை. பனிக்குப் பேர்போன லண்டன்காரர்கள்தான் இதில் முன்னோடி. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அவங்க கண்டுபிடித்த வழி படு தமாஷ். ரன்வே ஓரமா குழாய் போட்டு, பெட்ரோலைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் பனியை விரட்டினார்கள்! 'ஃபிடோ' என்று பேர். உயிர்கள் தப்பின, ஆனா எரிந்த பெட்ரோலுக்கு அளவே இல்லை.

பனியை விரட்டுவதைவிட, பனியில் இறங்கக் கத்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகும் என்று போர் முடிந்த கையோடு ஒரு ஆராய்ச்சிக் குழுவே வேலையில் இறங்கியது. 1965 ஜூன் 10. பாரிஸிலிருந்து லண்டன் வந்த ட்ரைடண்ட் விமானம், பயணிகளோடு தானாகவே தரை தொட்டது. அதில் மூணு சிஸ்டம். ஒண்ணு தப்பா சொன்னால் மத்த ரெண்டும் சேர்ந்து அதை ஓட்டு போட்டு வெளியே தள்ளிவிடும். மெஜாரிட்டி ஜெயிக்கும்! அடுத்த வருஷம் நவம்பரில் ஹீத்ரோவின் அசல் பனியிலேயே இறங்கிக் காட்டினார்கள்.

அஞ்சு பொருத்தம்

சரி, அறுபது வருஷமா டெக்னாலஜி இருக்கு. அப்புறம் ஏன் ஃப்ளைட் ஜெய்ப்பூருக்குத் திரும்புது?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பாங்க. பனியில் இறங்க அஞ்சு பொருத்தம். ரன்வேக்கு கேட்-3 வசதி இருக்கணும். விமானத்துக்குத் தகுதி இருக்கணும். (குட்டி ஊர்களுக்குப் பறக்கிற ஏ.டி.ஆர். விமானத்துக்கு கேட்-3 கிடையாது.) அந்த நிறுவனத்துக்கு அனுமதி இருக்கணும். அந்த ட்ரிப்பில் இருக்கும் பைலட்களுக்குப் பயிற்சி இருக்கணும். கடைசியா, அந்த நிமிஷத்து ஆர்.வி.ஆர். ஒத்துக்கணும். நாலு பொருந்தி ஒண்ணு பொருந்தலைன்னாலும் கல்யாணம் கேன்சல்!

இதில் பனி கையில் இருப்பது அஞ்சாவது பொருத்தம் மட்டும்தான். மத்த நாலும் மனுஷங்க கையில். 2023 டிசம்பர் கடைசி வாரத்தில் டெல்லிக்கு வந்த 50-க்கும் மேற்பட்ட விமானங்கள் வேற ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விசாரித்தால், பனி சீஸன் என்று தெரிந்தும் கேட்-3 பயிற்சி இல்லாத பைலட்களை டூட்டி போட்டிருந்த கதை வெளியே வந்தது. ஏர் இந்தியாவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் தலா 30 லட்சம் ரூபாய் அபராதம் தீட்டியது விமானப் போக்குவரத்து இயக்குநரகம். அதே குளிர்காலத்தில் டெல்லியின் முக்கியமான கேட்-3 ரன்வே ஒண்ணு பராமரிப்புக்காக மூடிக் கிடந்தது. ஜனவரி 14-ம் தேதி அத்தனை பேர் காத்துக் கிடந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாப் பொருத்தமும் சரியா இருந்தாலும் லேட் ஆகும். ஏன்? ரன்வே பக்கத்தில் ஒரு விமானம் நின்னாலே அந்த ரேடியோ ரோடு வளைந்துவிடும். அதனால் பனியில் முன்னால் போன விமானம் ஒதுங்கி, ஏரியா காலியாகும் வரை அடுத்ததை இறக்க முடியாது. இடைவெளி கூடும், எண்ணிக்கை குறையும்.

இன்னொரு ஆச்சர்யம்... இறங்க 50 மீட்டர் போதும், ஆனா டெல்லியில் கிளம்ப 125 மீட்டராவது வேணும்! இறக்குவது மெஷின். ஆனா டேக்-ஆஃபில் ரன்வேயில் ஓட்டுவது பைலட்டின் கையும் கண்ணும்தான். பாதி ஓட்டத்தில் ஒரு இன்ஜின் மக்கர் பண்ணினால், விளக்கைப் பார்த்து விமானத்தை நேரா பிடித்து நிறுத்தணும். ஸோ, இறங்கின விமானம் கிளம்ப முடியாது. நிறுத்த இடம் நிரம்பும். அடுத்து வருவதுக்கு இடம் இல்லை. அந்த கோவா ஃப்ளைட் பயணிகள் மாதிரி உள்ளே உட்கார்ந்து இருக்கிறவங்களுக்கு, 'வேற ஃப்ளைட் இறங்குற சத்தம் கேக்குதே, நம்மளை மட்டும் ஏன் விடலை?' என்று தோணுவது இதனால்தான்.

பொருத்தம் பார்க்காமல் போனால்...

2001 அக்டோபர் 8. இத்தாலியின் மிலன் லினாட்டே ஏர்போர்ட். அடர்ந்த பனி. அந்தப் பனியில் இறங்கத் தகுதியே இல்லாத ஒரு குட்டி செஸ்னா விமானம் காலையில் வந்து இறங்கியிருந்தது. திரும்பக் கிளம்பும்போது வழி தவறி ரன்வேக்குள் நுழைந்துவிட்டது. அதே நேரம் எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் பயணிகள் விமானம் டேக்-ஆஃபுக்காகச் சீறிக்கொண்டு வந்தது. தரையில் யார் எங்கே இருக்காங்க என்று காட்டும் ரேடார் வேலையில் இல்லை. 118 பேர் பலி.

2010 ஏப்ரல் 10. ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க். போலந்து அதிபர் லேக் கச்சின்ஸ்கி உள்பட 96 பேரோடு வந்த அரசு விமானம். கீழே பனி. அங்கே ஐ.எல்.எஸ். இல்லை. அனுமதித்த உயரத்துக்கும் கீழே இறங்கி, மரத்தில் மோதி நொறுங்கியது என்கிறது அதிகாரபூர்வ விசாரணை அறிக்கை. ஒருத்தர்கூடத் தப்பவில்லை. 'இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போமே' என்ற மூணாவது ஆப்ஷனின் விலை இது.

நம்ம ஏரியாவில்..?

தெற்கே இதெல்லாம் எதுக்கு என்று கேட்க முடியாது. குளிர்காலக் காலைப் பனியில் திணறும் பெங்களூரு ஏர்போர்ட், 2020 இறுதியில் தென்னிந்தியாவிலேயே முதல்முறையாக கேட்-3பி வசதிக்கு மாறியது. சென்னைக்கு வில்லன் வேற மாதிரி. 2018 ஜனவரி 13, போகிப் பண்டிகை. பனியோடு நாம கொளுத்தின டயர் புகையும் பழைய பாய்ப் புகையும் சேர்ந்து ஏர்போர்ட்டையே மறைத்துவிட்டது. விமானங்கள் வேற ஊர்களுக்குத் திரும்பின. டெல்லியில் இயற்கை பண்ணுவதை, சென்னையில் நாமளே தீப்பெட்டி வைத்துப் பண்ணிட்டோம்!

இதுல வேலை இருக்கா பாஸ்?

பைலட் ஆகணும்னா லட்சம் லட்சமா செலவாகும். ஆனா பனியில் விமானத்தை இறக்குவதில் தரையில் நிற்கிற ஆட்களுக்கும் பங்கு உண்டு. இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் வேலைக்கு இயற்பியல், கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகளும், இந்தப் பாடங்களை ஏதாவது ஒரு செமஸ்டரில் படித்த பி.இ. மாணவர்களும் தேர்வு எழுதலாம். ஐ.எல்.எஸ்.ஸை நிறுவி, பராமரிப்பது அதே ஆணையத்தின் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு. கேட் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் ஆள் எடுக்கிறார்கள். (இது படிக்கட்டு 'கேட்' இல்லைங்க, நாம எழுதற 'கேட்'!)

கடைசியா...

அடுத்த தடவை ரன்வே வரைக்கும் வந்த விமானம் திடீர்னு உறுமிக்கொண்டு மேலே ஏறினால் பயப்படாதீங்க. அங்கே யாரோ ஒருத்தர், பின்னாடி 180 பேர் அவசரத்தில் இருக்காங்க என்று தெரிந்தும், 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார். வேற ஊருக்குப் போகிற அளவு எரிபொருள், அதுக்கு மேல அரை மணி நேரம் சுத்துகிற அளவு எரிபொருள் என்று கணக்குப் போட்டுத்தான் டேங்கையே நிரப்புகிறார்கள். அந்த 'வேண்டாம்' சொல்ற உரிமைக்காகத்தான் அவ்வளவு ஏற்பாடும்.

லேட்டானா கோபம் வரட்டும், தப்பே இல்லை. ஆனா, கேள்வியைச் சரியான ஆள்கிட்ட கேளுங்க. 'பனி சீஸன்ல கேட்-3 க்ரூவை ஏன் போடலை?' இது ஏர்லைனுக்கு. 'பனி மாசத்துல ரன்வேயை ஏன் மூடினீங்க?' இது ஏர்போர்ட்டுக்கு. மைக் பிடித்து 'ஸாரி' சொல்ற அந்த கோ-பைலட்டுக்குக் கேள்வி எதுவும் இல்லை. முடிஞ்சா ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க!